மலையடிவாரத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு: முதல் வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டியவை

தடிக்காரன்கோணத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு துண்டு விளை (தோட்ட நிலம்) வாங்கிக் குடியேறிய முதல் மழைக்காலம். ஒரே ராத்திரியில் நாற்பது மூடு மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) பன்றி தோண்டித் தள்ளிவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் மண் உழவு போட்ட மாதிரி கிடக்கிறது. பக்கத்து விளைப் பாட்டா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பன்னி சும்மா வராது மக்கா. நீ என்னமோ வச்சு விளிச்சிருக்கே."

விளித்துத்தான் இருந்தேன். மீன் தலையையும் கோழிக் கழிவையும் தென்னை மூட்டில் புதைத்தால் நல்ல உரம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தினமும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்துக்கொண்டிருந்தேன். பன்றிக்குக் கண் மட்டம், மூக்கு அபாரம். மீன் தலைக்கு வந்தது. வந்த வழியில் மரச்சீனியைக் கண்டுகொண்டது.

வேலை மாற்றலாகி வரும் ஆசிரியர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பி வீடு கட்டுகிறவர்கள், நாகர்கோவில் நெரிசல் போதும் என்று காட்டோரம் மனை தேடுகிறவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,670 சதுர கிலோமீட்டர். அதில் 402 சதுர கிலோமீட்டர் 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி காட்டுயிர் சரணாலயம். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. சரணாலயத்தை ஒட்டி ரப்பர் தோட்டங்கள், காணிக்காரர் என்ற மலைவாழ் பழங்குடியினரின் குடியிருப்புகள், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகள், அதை ஒட்டி வாழை, அதை ஒட்டி உங்கள் வீடு. காடு இங்கே முடிகிறது என்று காட்ட ஒரு கோடு கிடையாது. மிளா மானுக்கு நிச்சயமாக அப்படி ஒரு கோடு தெரியாது.

முதல் வேலை: விளையை ஒருமுறை மோந்து பாருங்கள்

குடிவந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், ஒரு காட்டுப்பன்றியாகவோ குரங்காகவோ உங்களை நினைத்துக்கொண்டு விளையைச் சுற்றி நடந்து வாருங்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: இங்கே எனக்கு என்ன இருக்கிறது?

அடுக்களைத் தண்ணீர் போகும் ஓடையில் சோற்றுப் பருக்கை கிடக்கிறதா? நாய்க்கு வைத்த சோறு ராத்திரியும் தட்டில் இருக்கிறதா? பழுத்து விழுந்த சக்கை (பலா) அப்படியே கிடக்கிறதா? சக்கைப்பழத்தின் வாசம் நமக்கே அடுத்த வீடு வரை எட்டும். யானைக்கு அது அழைப்பிதழ். ஆனி, ஆடியில் சக்கை பழுக்கும் முன்பே பறித்துவிட வேண்டும். தின்ன ஆளில்லை என்றால் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். மரத்தில் பழுக்க மட்டும் விடாதீர்கள்.

குப்பையை மூடி போட்ட வாளியில் வையுங்கள். இறைச்சிக் கழிவைப் புதைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் இடுப்பளவு ஆழம், மேலே சுண்ணாம்பு, அதற்கு மேலே பாறாங்கல். இல்லாவிட்டால் புதைக்கவே வேண்டாம். சாலையோரம் கொண்டுபோய்க் கொட்டுவது அதைவிட மோசம். எல்லை தாண்டி லாரியில் வந்து கொட்டப்படும் கோழிக் கழிவையும் ஓட்டல் கழிவையும் பற்றி நம் ஊரில் எல்லோரும் கோபப்படுகிறோம். நியாயமான கோபம்தான். ஆனால் அதே ஓடைக்கரையில் நம் வீட்டுப் பையும் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். குப்பைக்குப் பன்றியும் தெருநாயும் வரும். நாய்க்குச் சிறுத்தை வரும். சிறுத்தை வந்தபிறகு ஊர்க்கூட்டம் போட்டுக் கத்துவோம்.

வாசல் விளக்கு இன்னொரு விஷயம். ராத்திரி முழுக்க வெள்ளை விளக்கு எரிந்தால் பூச்சி சேரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். மஞ்சள் விளக்கு போடுங்கள், தேவைப்படும்போது மட்டும் போடுங்கள்.

எதை எங்கே நடுவது

புதிதாக வருகிறவர்கள் நட ஆசைப்படுவது வாழையும் மரச்சீனியும். இரண்டும் காட்டு விலங்குக்குப் பிடித்தவை. நடக்கூடாது என்று சொல்லவில்லை. மட்டி வாழைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் வாழை நடாதே என்று யார் சொல்ல முடியும்? இடம்தான் முக்கியம். காட்டுப் பக்கம் பார்த்த எல்லையில் கிழங்கையும் வாழையையும் வைத்தால் பந்தி விரித்த மாதிரி. அந்தப் பக்கம் மிளகு, கிராம்பு, மஞ்சள் மாதிரியானவை இருக்கட்டும். யானையும் பன்றியும் அவற்றைத் தேடி வருவதில்லை. கிழங்கும் வாழையும் வீட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குலை தள்ளிய வாழையைக் கடைசி வாரம் வரை மரத்திலேயே விட்டு வைப்பதும் சூதாட்டம்தான். ஏத்தன் (நேந்திரன்) குலை முக்கால் விளைச்சலானதும் வெட்டிவிடுங்கள்; சிப்ஸுக்கு எடுக்கிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள்.

காணிக்காரர்கள் இதையெல்லாம் தலைமுறையாக அறிந்தவர்கள். பயிர் விளையும் காலத்தில் மரத்தின் மேல் ஏறுமாடம் கட்டி ராத்திரி காவலிருப்பது அவர்கள் வழக்கம். யானை எந்த வழியாக இறங்கும், எந்த ஓடையில் தண்ணீர் குடிக்கும் என்பது அவர்களுக்கு அத்துபடி. விளை வாங்கும் முன்னே ஒரு காணிக்காரப் பெரியவரிடமோ, அந்தப் பக்கம் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் தொழிலாளியிடமோ கேளுங்கள். "இந்த ஓடை ஆனை இறங்குத வழி" என்று ஒருவர் சொன்னால், அந்த மனையின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே மதில் கட்டாதீர்கள். யானைத் தடத்தை மறித்து மதில் கட்டினால் யானை திரும்பிப் போய்விடாது. மதிலைச் சுற்றிக்கொண்டு அடுத்தவர் விளை வழியாகப் போகும், இல்லையென்றால் மதில் வழியாகவே போகும்.

வேலி: எது நிற்கும், எது ஜெயிலுக்குக் கொண்டுபோகும்

பன்றிக்கு என்று எல்லோரும் முதலில் செய்வது பழைய சேலையைச் சுற்றிலும் கட்டுவது. நானும் கட்டினேன். பாட்டி காலத்துச் சுங்குடி முதல் என் மனைவியின் நைலெக்ஸ் வரை வேலியில் தொங்கின. வழியில் போகிறவர்கள் துணிக்கடை திறந்தாச்சா என்று கேட்டார்கள். ஒரு வாரம் பன்றி வரவில்லை. இரண்டாவது வாரம் சேலைக்கு அடியில் நுழைந்து வந்தது. சலூனிலிருந்து முடி வாங்கித் தூவினோம். அதுவும் மழை பெய்யும் வரைதான்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. புதிதாக எதைப் பார்த்தாலும் விலங்கு முதலில் பயப்படும். அதனால் தனக்குக் கெடுதல் இல்லை என்று தெரிந்ததும் மதிக்காது. வெடிச் சத்தத்துக்கும் ரேடியோப் பாட்டுக்கும் இதே கதிதான். ஆகவே ஒரே உபாயத்தை வருஷம் முழுக்க வைத்திருக்காதீர்கள். பயிர் முற்றும் கடைசி மூன்று வாரத்துக்கு என்று சேர்த்து வையுங்கள். அந்த மூன்று வாரமும் இடத்தையும் வகையையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

கொஞ்சம் காசு செலவழிக்கலாம் என்றால் கம்பி வலை வேலி போட்டு, வலையின் அடிப்பாகத்தை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்குங்கள். பன்றி தாண்டுவதைவிடத் தோண்டுவதில்தான் கெட்டிக்காரன்.

சூரிய மின்வேலி போடலாம். விட்டு விட்டு அடிக்கும் அந்த மின்துடிப்பு உலுக்கும், கொல்லாது. தமிழ்நாட்டில் 2023-இல் மின்வேலிகளுக்கென்றே பதிவு விதிகள் வந்துவிட்டன. வேலி போடும் முன் வனச்சரக அலுவலகத்தில் கேட்டு, உரிய அனுமதியோடு, விதிக்கு உட்பட்ட கருவியை மட்டும் வையுங்கள். போட்டபிறகு செடி கொடி கம்பியில் படராமல் வாரம் ஒருமுறை வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் "மின்வேலி வேலை செய்யல்ல" என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

வீட்டு கரண்டை நேராகக் கம்பியில் கொடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததில் பால்வெட்டப் போன ஆள் விழலாம், பள்ளிக்கூடப் பிள்ளை விழலாம், வைத்தவனே விடியற்காலையில் மறந்துபோய்த் தொடலாம். மனிதர் செத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு வழக்கு, யானை செத்தால் 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறை. கண்ணி வைப்பதும் அப்படித்தான். கண்ணிக்குப் பன்றியும் சிறுத்தையும் ஒன்றுதான். சிறுத்தை மாட்டிக்கொண்டால் கிட்டே போகிறவர் யார்?

அவுட்டுக்காய் என்று ஒன்று உண்டு, தின்பண்டத்துக்குள் வெடிமருந்து வைப்பது. 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் வாய் சிதறிய சினை யானை ஒன்று ஆற்றுக்குள் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. அப்படி ஒன்றை உங்கள் பக்கத்தில் யாராவது வைத்தால் பக்கத்து வீடு என்று பார்க்க வேண்டாம். உங்கள் பசுவும் உங்கள் பிள்ளையும் அந்த வழியாகத்தான் நடக்கின்றன.

சுடலாமா என்று கேட்பவர்களுக்கு: காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடுவது. அதற்கு அப்பால் வனத்துறை ஆட்களே சுடலாம். மூன்றிலும் நாமாகத் துப்பாக்கி எடுக்க இடமில்லை. மலையடிவாரத்தில் முக்கால்வாசிப் பேர் அந்த முதல் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறோம் என்பது வேறு கதை. அந்த வரம்பு எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் கசப்புதான்.

குரங்கு: படித்துக்கொள்கிற பிராணி

இரண்டு வகையைப் பிரித்தறியுங்கள். கருமந்தி கறுப்பாக, நீண்ட வாலோடு, மர உச்சியில் இலை தின்றுகொண்டிருக்கும். மனிதரைக் கண்டால் ஒதுங்கும். லேகியம், ரசாயனம் என்று சொல்லி அதை வேட்டையாடித் தீர்த்த காலம் ஒன்று இருந்தது. இன்றைக்கு அது சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கிறது. அதால் உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை தருவது நாட்டுக்குரங்கு. கோயில் வாசலிலும் காளிகேசம் போகும் வழியிலும் மருந்துவாழ் மலையிலும் நீங்கள் பார்க்கிற, தலையில் வகிடெடுத்த மாதிரி முடியுள்ள ஆள்.

குரங்குக்கு ஒருமுறை தின்னக் கொடுத்தால் அதன் கணக்கில் நீங்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? அன்புள்ள மனிதர் என்று நினைக்காது. கூட்டத்தில் தாழ்ந்த குரங்குதான் தன் தீனியை மேலே உள்ளதுக்கு விட்டுக்கொடுக்கும். அடுத்தமுறை கொடுக்காவிட்டால் அது பல்லைக் காட்டும்; அதையும் மதிக்காவிட்டால் கடிக்கும். வண்டியை நிறுத்திப் பிஸ்கட் போட்டுப் படமெடுத்துவிட்டு ஊருக்குப் போகிறவர் கடி வாங்குவதில்லை. அடுத்தநாள் அதே வளைவில் டிபன் வாளியோடு நடந்துபோகும் பெண்ணுக்குத்தான் விழுகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: அடுக்களை ஜன்னலுக்குக் கம்பி வலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பூட்டு, அரிசி மாவு மொட்டைமாடியில் காயாமல் இருப்பது. வத்தல் காயப் போட்டால் ஓர் ஆள் கம்போடு உட்கார வேண்டும், வேறு வழி கிடையாது. என் இட்லி மாவுப் பாத்திரத்தை ஒருமுறை பலா மரத்தின் உச்சியில் பார்த்தேன். மூடியைத் திருகித் திறந்திருந்தது. அதன்பிறகு நான் குரங்கின் புத்தியைக் குறைத்து மதிப்பிடுவதில்லை.

எதிரில் வந்துவிட்டால் கண்ணுக்குள் பார்க்காதீர்கள், சிரிக்காதீர்கள். பல் தெரியச் சிரிப்பது அதன் பாஷையில் மிரட்டல். கையில் பை இருந்தால் முன்னால் ஆட்டாமல், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் நகருங்கள். முதுகைக் காட்டி ஓட வேண்டாம். குட்டியைத் தூக்கவோ பக்கத்தில் போகவோ கூடாது.

கடித்தாலோ கீறினாலோ உடனே குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். நாம் பதினைந்து என்று நினைப்பது பெரும்பாலும் மூன்று நிமிஷம்தான். பிறகு அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி தடுப்பூசி. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். ஊசி அட்டவணையில் ஒன்றைக்கூட விடாதீர்கள்.

குரங்கைப் பிடித்து வேறெங்கோ விட்டுவிடச் சொல்வதும் ஊரில் வழக்கம். கொண்டுபோய் விடும் இடத்தில் இருப்பதும் ஒரு ஊர்தான். அங்கே விடப்பட்ட குரங்குக்கு ஏற்கெனவே கதவு திறக்கத் தெரியும்.

பாம்பு: இதை மட்டும் இரண்டுமுறை படியுங்கள்

நாகராஜா கோயிலால் பெயர் பெற்ற தலைநகரம் உள்ள மாவட்டம் நம்முடையது. ஆயில்யத்துக்குப் பால் ஊற்றுவோம். மறுநாள் சாரையைக் கண்டால் கம்பை எடுப்போம். சாரைக்கு விஷமே கிடையாது. அது எலி தின்கிறது. சாரையை அடித்தால் எலி பெருகும். எலிக்கு நல்ல பாம்பும் விரியனும் வரும். முதல் வருஷத்தில் நீங்கள் காணும் பத்துப் பாம்பில் பெரும்பாலானவை சாரை, தண்ணீர்ப்பாம்பு, பச்சைப்பாம்பு வகைதான். அவற்றை அவற்றின் வழியில் விடுங்கள்.

கடித்தால் உயிருக்கு ஆபத்து என்று நாடு முழுக்க எண்ணப்படுபவை நான்கு: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். மருத்துவமனையில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நான்கின் விஷத்துக்கும் சேர்த்துத் தயாரிப்பது. அந்த விஷத்தைப் பெருமளவு சேகரித்துத் தருகிறவர்கள் மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலியில் 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் இருளர்கள்.

ரப்பர்த் தோட்டத்துக்கு வருகிறவர்கள் ஐந்தாவது ஒன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம், காய்ந்த இலை நிறம், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும்: கூன்மூக்குக் குழிவிரியன். உதிர்ந்த ரப்பர் இலைக்குள் சுருண்டு கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. நம் நாட்டு விஷமுறிவு மருந்து இதற்குச் சரியாக வேலை செய்யாது. சின்னப் பாம்பு என்று அலட்சியப்படுத்தி வீட்டிலிருந்தவர்களுக்குச் சிறுநீரகம் போன சம்பவங்கள் உண்டு. மருந்து இல்லையென்றாலும் மருத்துவமனையில் ரத்தம் உறைகிறதா, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். உயிரைக் காப்பது அந்தக் கவனிப்புதான்.

வராமல் தடுக்க: விறகையும் சிரட்டையையும் சுவரோடு சேர்த்துக் குவிக்காதீர்கள். காய்ந்த ஓலையை மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். ரப்பரின் நடுவே மூடுபயிர் விட்டிருந்தால் அதற்குள் வெறுங்காலோடு இறங்காதீர்கள். முழங்கால் வரையுள்ள பூட்ஸின் விலை ஒரு நாள் கூலிக்குள் வரும். ஒட்டுப்பால் (உறைந்துபோன ரப்பர் பால்) எடுக்கச் சிரட்டைக்குள் கைவிடும் முன் ஒரு பார்வை பார்க்க வேண்டும். பூண்டு, பினாயில், உப்புக் கோடு எதுவும் பாம்பைத் தடுக்காது. வாசல் கதவின் அடியில் உள்ள இடைவெளியை அடைப்பதுதான் தடுக்கும்.

தரையில் பாய் விரித்துப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் ராத்திரியில் எலி, பல்லி தேடி வீட்டுக்குள் வரும். தூங்கும்போது கடித்தால் பல பேருக்கு வலியே தெரியாது, தடமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, கண் இமை தூக்க முடியாமல் சொருகுவது, நாக்குக் குழறுவது என்று வரும். வாயுக்கோளாறு என்று சீரகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மலையடிவாரத்தில் தரையில் படுத்தவருக்கு விடியலில் இமை சொருகினால், பாம்பை யாரும் பார்க்காவிட்டாலும் பாம்புக்கடி என்றே நினைத்து வண்டியைக் கிளப்புங்கள். கட்டிலும், ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிய கொசுவலையும் இதைத் தடுத்துவிடும்.

கடித்துவிட்டால்: உட்கார வையுங்கள், நடக்கவிட வேண்டாம். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். வீங்கினபிறகு கழற்ற முடியாது. கடிபட்ட கையையோ காலையோ மட்டைக் கட்டையோடு லேசாகத் துணி சுற்றி அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108-க்கு அழையுங்கள். பாம்பைத் தேடி அடித்து எடுத்துப்போக வேண்டாம். தூரத்திலிருந்து ஒரு போட்டோ கிடைத்தால் போதும், கிடைக்காவிட்டாலும் வைத்தியம் நடக்கும்.

எங்கே போவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருப்பு உண்டா, ராத்திரி டாக்டர் உண்டா என்று ஒரு பகல்வேளை போய்க் கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உங்கள் வீட்டிலிருந்து ராத்திரி எத்தனை நிமிஷம் என்று கணக்குப் போடுங்கள். திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே விஷவைத்தியத்துக்குப் பேர்போன மண் இது. அந்த வைத்தியர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கட்டுவிரியன் கடித்து மூச்சு நின்றால் வேண்டியது வெண்டிலேட்டர். 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாகத் தமிழ்நாடு அறிவித்திருக்கிறது. நீங்கள் மருத்துவமனைக்குப் போனால்தான் அந்தக் கணக்கில் வருவீர்கள்.

வீட்டுக்குள் பாம்பு வந்துவிட்டால் கதவைச் சாத்தி, அடியில் துணியைத் திணித்துவிட்டு, வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ சொல்லுங்கள். ஓர் ஆள் தூரத்திலிருந்து அதன்மேல் கண் வைத்திருக்கட்டும். எங்கே போனது என்று தெரியாத பாம்புதான் ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது.

விடியற்காலையில் வெளியே போகிறவர்களுக்கு

பால்வெட்டு விடியுமுன் தொடங்கும் வேலை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அந்த வட்டத்துக்குள் மரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போகும்போது, பத்தடியில் யானை நின்றாலும் தெரியாது. நடக்கிறவர்கள் தனியாகப் போகாதீர்கள், பேசிக்கொண்டே போங்கள். மனிதச் சத்தம் முன்கூட்டியே கேட்டால் யானையும் கரடியும் பெரும்பாலும் விலகிவிடும். எதிர்பாராமல் மூஞ்சிக்கு நேரே சந்திப்பதில்தான் அடிபடுவது. புது யானைப் பிண்டம் (சாணம்), ஒடித்த ஈட்டி மாதிரி கிடக்கும் மூங்கில், திடீரென்று அடங்கிப்போன பறவைச் சத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். ஒரு நாள் பால் போனால் போகட்டும்.

யானையைக் கண்டால் டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள், போனை எடுக்காதீர்கள், வண்டியில் இருந்தால் ஹாரன் அடிக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். தனியாகத் திரியும் கொம்பனின் கன்னத்தில் மதநீர் ஒழுகியிருந்தால் அந்த வழியை ஊரே சில நாளைக்கு விட்டுவிட வேண்டும். கரடி தேனுக்கு வரும். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தேனீப் பெட்டி கொண்டுவந்து, ரப்பர் துளிர்க்கும் மாசி, பங்குனியில் தோட்டத்துக்குள் வைக்கிறவர்கள் காட்டோர வரிசையை விட்டு உள்ளே தள்ளி வையுங்கள்.

யானை விஷயத்தில் நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்பதற்கு அரிக்கொம்பன் என்ற யானையைவிட வேறு உதாரணம் வேண்டாம். அரி என்றால் மலையாளத்தில் அரிசி. கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பழகியதால் வந்த பெயர். 2023 ஏப்ரல் கடைசியில் அதைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள் கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. ஜூன் 5-ஆம் தேதி மறுபடி பிடித்து, நம் தலைக்கு மேலே முத்துக்குழிவயலில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த வாரம் பேச்சிப்பாறைப் பக்கம் தூங்கியவர்கள் குறைவு. சில மாதங்கள் கழித்து அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் தலைகாட்டியது. யானையை லாரியில் ஏற்றி இடம் மாற்றலாம். அரிசி ருசியை இறக்கிவைக்க முடியாது. ஆகவே வீட்டில் அரிசி மூட்டையும் உப்பும் காட்டுப் பக்கச் சுவரை ஒட்டிய அறையில் இருந்தால் இன்றைக்கே இடம் மாற்றுங்கள்.

ஆடு, கோழி வளர்க்கிறவர்களுக்கு

கொட்டிலுக்குக் கூரையும் கதவும் வேண்டும்; சிறுத்தைக்கு ஆறடிச் சுவர் ஒரு எட்டுத்தான். பொழுது சாயும் முன் அடைத்துவிடுங்கள். நாயை ராத்திரி வாசலில் சங்கிலியில் கட்டினால் அது காவல் இருக்காது, இரையாகத்தான் இருக்கும். வயதான, காயம்பட்ட விலங்குகளும் கால்நடையை நாடுவது உண்டு. 2023-இல் சிற்றாறு, பத்துகாணிப் பக்கத்தைக் கலக்கிய புலியைப் பிடிக்க வனத்துறை வாரக்கணக்கில் காட்டில் கிடக்க வேண்டியிருந்தது.

கீழே, வயல் பக்கம் குடியிருப்பவர்களுக்கு

சுசீந்திரம், தேரூர், வேம்பனூர்க் குளங்கள் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. குளத்தங்கரையில் வீடு கட்டினால் கல்யாணத்துக்கு வெடி போடுவதையும் நரம்புத் தூண்டிலைக் கரையில் விட்டுவருவதையும் நிறுத்துங்கள். கூழைக்கடாவின் கழுத்தில் அந்த நரம்பைக் காண்பது நல்ல காட்சி இல்லை. மயில் நெல்லைத் தின்கிறது, உண்மை. விஷ நெல் வைத்துவிட்டு தேசியப் பறவையைக் கொன்ற வழக்கில் அலைவதைவிட நாற்றங்காலுக்கு வலை போடுவது மலிவு.

வௌவால் கடித்த கொய்யா, மாம்பழத்தை வெட்டி நீக்கிவிட்டுத் தின்னும் பழக்கத்தை விடுங்கள். 2018-இல் கோழிக்கோட்டில் வௌவாலிலிருந்து பரவும் நிபா வந்தபிறகாவது விட்டிருக்க வேண்டும். வங்கதேசத்தில் அந்த வைரஸ் பரவியது ஈச்சமரச் சாற்றுப் பானைக்குள் வௌவால் வாய்வைத்ததால். நம்மூரில் அக்கானி (பதநீர்) கலயத்தை வலைத்துணியால் மூடுவது பெரிய வேலை இல்லை. அதற்காக வௌவால் தங்கும் மரத்தை வெட்டக் கிளம்பாதீர்கள். வெட்டினால் அவை பத்து வீட்டு மரங்களுக்குப் பிரிந்துபோகும், அவ்வளவுதான்.

நஷ்டம் வந்தபிறகு

நம் மாவட்டத்தில் பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், வேளிமலை, குலசேகரம், களியல் என்று வனச்சரகங்கள் உண்டு. உங்கள் விளை எதில் வருகிறது என்று குடிவந்ததுமே கேட்டு, சரக அலுவலக எண்ணையும் அந்தப் பகுதி வனக்காப்பாளர் எண்ணையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போனில் மட்டும் இருந்தால் அது சார்ஜ் இறங்கிய ராத்திரிதான் யானை வரும்.

பயிர் போனால் சுத்தம் செய்யும் முன் படம் எடுங்கள்: காலடித் தடம், பிண்டம், சாய்ந்த வாழை, பக்கத்தில் அடையாளத்துக்கு வீடோ கிணறோ தெரியும்படி. ஆடோ மாடோ அடிபட்டால் சடலத்தை நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள். வனத்துறையும் கால்நடை மருத்துவரும் பார்த்தபிறகுதான். மருத்துவர் சான்று, கிராம நிர்வாக அலுவலர் சான்று, பட்டா அல்லது வரி ரசீது நகல், வங்கிப் புத்தக நகல், படங்கள் ஆகியவற்றோடு அன்றைக்கோ மறுநாளோ மனு கொடுங்கள். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். தயங்கினால் உங்கள் நகலில் தேதி முத்திரையாவது கேளுங்கள். நான் முதல்முறை வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்தேன். நாற்பது மூடு மரச்சீனிக்கு ஒரு பைசா வரவில்லை, மனுவே இல்லை என்றார்கள்.

குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறவர்கள் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நிலம் பேரில் இல்லாதவருக்கு இழப்பீடு கிடைப்பதுதான் இந்த வரிசையிலேயே கஷ்டமான காரியம். உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஒன்றைப் பயிர் வைக்கும்போதே வாங்கி வைத்தால், சாய்ந்த குலையைக் காட்டிக்கொண்டு அவர் வீட்டுப் படியில் நிற்க வேண்டியிராது.